இரு பக்கமும் அமர்ந்த கென்னடி



நம் திருச்சியில் பாலக்கரை, மேலப்புதூர், பொன்மலை ரயில்வே குடியிருப்பு என்று எந்தப் பக்கம் போனாலும், தெருவுக்கு ஒரு கென்னடியாவது அகப்படுவார். ஜான் கென்னடி, ஆரோக்கிய கென்னடி, கென்னடி ராஜ் என்று வகைவகையாக இருப்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலோர் 1960-க்கும் 1970-க்கும் இடையில் பிறந்தவர்களாக இருப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளில் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். இந்து வீடுகளிலும் இந்தப் பெயர் உண்டு. நீங்கள் திரையில் பார்க்கும் நடிகர் விக்ரமின் இயற்பெயரும் கென்னடிதான். அவர் பிறந்தது 1966-இல். கடல் கடந்த ஒரு நாட்டு ஜனாதிபதியின் குடும்பப் பெயர், காவிரிக்கரையில் அருளப்பன், சூசை, அந்தோணி ஆகிய பெயர்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது எப்படி என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

ஜான் எஃப். கென்னடியின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் கியூபா, பெர்லின், சந்திரப் பயணம் என்று பெரிய பெரிய விஷயங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை உங்கள் சரித்திரப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். அவர் வாழ்க்கையில் ஒரு விளையாட்டு மைதானம் வருகிறது. அந்த மைதானத்தில் அவர் இருமுறை இடம் மாறி உட்கார்ந்தார். அந்தச் சின்னச் செய்தியைச் சொல்லவே இத்தனை பீடிகை.

1917-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைன் என்னும் ஊரில் ஜான் பிறந்தார். தந்தை ஜோசப், தாய் ரோஸ். பிள்ளைகள் ஒன்பது பேரில் இவர் இரண்டாமவர். முன்னோர்கள் அயர்லாந்திலிருந்து பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த கத்தோலிக்கர்கள். அந்நாளில் பாஸ்டன் நகரத்துப் பழங்குடிப் பெருமக்கள் அயர்லாந்துக்காரரை வாசலோடு நிறுத்திப் பேசுவது வழக்கம். ஆனால் ஜான் பிறந்த காலத்தில் குடும்பம் தலையெடுத்துவிட்டது. தாய்வழிப் பாட்டனார் பாஸ்டன் நகர மேயராக இருந்தவர். தந்தை பெரும் பணக்காரர்.

பணம் இருந்தது, உடம்புதான் இல்லை. மூன்று வயது நிறையுமுன்பே விஷக்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் பல வாரம் கிடந்தார் சிறுவன் ஜான். பிறகும் ஒன்று மாற்றி ஒன்று நோய். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் ஆட்டக்களத்தில் இருக்கும்போது இவர் படுக்கையில் புத்தகத்தோடு இருந்த நாட்கள் அதிகம். பின்னாளில் அவருக்கு ஆடிசன் நோய் என்னும் சுரப்பிக் கோளாறு இருப்பது 1947-இல் கண்டுபிடிக்கப்பட்டது. முதுகெலும்பு வலி ஆயுள் முழுவதும் விடவில்லை. பிழைக்கமாட்டார் என்று குருவானவரை அழைத்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தது ஒருமுறை இருமுறை அல்ல.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் கால்பந்து என்றால் உயிர். கென்னடி வீட்டில் ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் கடலோரத்து வீட்டுப் புல்வெளியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பந்தாடுவார்கள். விருந்துக்கு வந்தவர்களையும் விடுவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் இளையோர் அணியில் ஆடினார். மெலிந்த உடம்பு, முதுகில் அடி பட்டதும் ஆட்டம் முடிந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்தே உருண்டையாக இராது. இருபுறமும் கூம்பிய தேங்காய் போல இருக்கும். பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். தலைக்குக் கவசம், தோளுக்குத் திண்டு. நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னேற்ற வேண்டும். இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். நம் ஊர்க் கபடியையும் பந்தையும் ஒன்றாகக் கலந்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜான் தரைப்படையில் சேரப் போனார். முதுகைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடாப்பிடியாகப் பயிற்சி செய்து, தந்தையாரின் செல்வாக்கும் உதவ, 1941-இல் கடற்படையில் சேர்ந்தார். தரைப்படை வேண்டாம் என்றது, கடற்படை வா என்றது. இதைச் சற்றே நினைவில் வையுங்கள்.

1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி, நிலவில்லாத இரவு. பசிபிக் கடலில் சாலமன் தீவுகளுக்கிடையே கென்னடியின் சிறு போர்ப்படகை ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் நடுவில் மோதிப் பிளந்துவிட்டது. படகில் இருந்தவர் 13 பேர். இருவர் மாண்டனர். மீதிப் பதினொருவர் பிளந்த படகின் துண்டைப் பற்றிக்கொண்டு விடியும் வரை மிதந்தனர். பிறகு, ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீந்தி ஒரு குட்டித் தீவை அடைந்தார்கள். தீக்காயம் பட்டு நீந்த முடியாத ஒருவரின் மிதவைச் சட்டை வாரைத் தம் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டு, அந்த நோஞ்சான் முதுகோடு நீந்தியவர் கென்னடி. குடிக்க நீரின்றி நாட்கள் கழிந்தன. கடைசியில் அத்தீவுகளின் மக்கள் இருவர், பியூகு காசா, எரோனி குமானா என்பவர்கள், இவர்களைக் கண்டார்கள். எழுதக் காகிதம் இல்லாததால் தேங்காய் மட்டையில் செய்தியைக் கீறிக் கொடுத்தனுப்பினார் கென்னடி. அந்த இருவரும் பகைவர் கண்ணில் படாமல் தோணி வலித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார்கள். அந்தத் தேங்காய் ஓட்டைப் பின்னாளில் ஜனாதிபதி மாளிகையில் தம் மேசைமீதே வைத்திருந்தார். தோணி வலித்த அந்த இருவரின் பெயரைப் பலர் சொல்வதில்லை. ஆகையால் இங்கே எழுதிவைத்தேன்.

மறு ஆண்டு, 1944 ஆகஸ்டில், மூத்த அண்ணன் ஜோ விமானம் வெடித்து மாண்டார். குடும்பத்தின் நம்பிக்கையெல்லாம் அந்த அண்ணன்மேல்தான் இருந்தது. அந்தப் பாரம் தம்பி தோளில் இறங்கியது. 1946-இல் பிரதிநிதிகள் சபை; 1952-இல் செனட் சபை; 1953-இல் ஜாக்குலினுடன் திருமணம். 1960-இல் ஜனாதிபதித் தேர்தல்.

அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. அமெரிக்காவில் அதுவரை கத்தோலிக்கர் எவரும் ஜனாதிபதியானதில்லை. 1928-இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் நின்று பெருந்தோல்வி கண்டிருந்தார். கத்தோலிக்கரைத் தேர்ந்தெடுத்தால் நாட்டைப் பாப்பரசரே ஆள்வார் என்று துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. கென்னடி ஒளிந்துகொள்ளவில்லை. 1960 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்டு போதகர்கள் நிறைந்த மண்டபத்துக்கு நேரே போனார். தம் மதம் தம் மனச்சாட்சியைச் சேர்ந்தது என்றும், ஆட்சிக் காரியத்தில் எந்த ஆயரும் பாப்பரசரும் தமக்குக் கட்டளையிட முடியாது என்றும் விளக்கி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். நவம்பரில் வெற்றி பெற்றார். ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 1 லட்சத்துச் சொச்சந்தான். வயது 43. தேர்தலில் வென்ற ஜனாதிபதிகளில் அவரே இளையவர்.

பாதி நாடு ஐயத்தோடு பார்க்கும்போது, தாம் எல்லாருக்கும் உரியவர் என்று ஒரு மனிதர் எப்படிக் காட்டுவது? இந்த இடத்தில்தான் நம் மைதானம் வருகிறது.

அமெரிக்கத் தரைப்படை அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி ஹட்சன் நதிக்கரையில் வெஸ்ட் பாயிண்ட் என்னும் இடத்தில் 1802-இல் தொடங்கியது. கடற்படைக்கான கல்லூரி அன்னாபொலிஸ் நகரில் 1845-இல் எழுந்தது. இரண்டுக்கும் 1890-இல் முதல் கால்பந்துப் போட்டி நடந்தது. கடற்படை 24-க்கு 0 என்று வென்றது. அன்று மூண்ட போட்டி இன்றளவும் தீரவில்லை. தரைப்படைக்குக் கோவேறு கழுதை சின்னம், கடற்படைக்கு ஆட்டுக்கடா. ஒருவர் சின்னத்தை மற்றவர் திருடிக்கொண்டு போவதும் உண்டு. நம் விளையாட்டு விழாவில் சிவப்பு அணியும் நீல அணியும் தொண்டை வற்றக் கூவுவதை நூறு மடங்காக்கிப் பாருங்கள்.

அரசாங்கம் இந்த ஆட்டத்தில் முதன்முதலில் தலையிட்டது பாராட்ட அன்று, தடுக்க. 1893 ஆட்டத்தின்போது ஒரு கடற்படைத் தளபதிக்கும் தரைப்படைத் தளபதிக்கும் வாய்ச்சண்டை முற்றி, துப்பாக்கி எடுக்கும் மட்டும் போனதாகச் சொல்வார்கள். விஷயம் ஜனாதிபதி கிளீவ்லண்டின் மந்திரிசபை வரை போயிற்று. இரு கல்லூரிகளும் வெளி மைதானத்துக்குப் போய் ஆடக்கூடாது என்று உத்தரவாகிவிட, ஐந்தாண்டுகள் போட்டி இல்லை. 1899-இல் இரு ஊருக்கும் ஏறக்குறைய நடுவிலுள்ள பிலடெல்பியாவில் மறுபடி தொடங்கியது. அதற்காக வாதாடியவர்களில் ஒருவர், அப்போது கடற்படைத் துறையில் உதவி அமைச்சராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். அவரே ஜனாதிபதியாகி 1901-இல் ஆட்டத்துக்கு வந்தார். முதல் பாதியை ஒரு பக்கத்திலும், இடைவேளையில் மைதானத்தைக் கடந்து போய் மறு பாதியை எதிர்ப்பக்கத்திலும் அமர்ந்து பார்த்தார். ஜனாதிபதி என்பவர் இரு படைக்கும் தலைமைத் தளபதியல்லவா? ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தால் மறு பக்கத்துக்கு மனத்தாங்கல். இப்படி ஒரு வழக்கம் பிறந்தது. சட்டம் எதிலும் அது எழுதப்படவில்லை.

படைவீரர் ஆடும் பந்தாட்டத்துக்கு நாட்டுத் தலைவர் மரியாதை செய்வது நமக்கும் புதிதல்ல. 1888-இல் சிம்லாவில் படைப் பிரிவுகளுக்கிடையே தொடங்கிய டூரண்டு கோப்பைப் போட்டிக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு டாக்டர் இராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவர் கோப்பை என்று ஒன்றையும் சேர்த்தளித்தார். நம் நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டு மையத்து வீரர்கள் 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்று வந்தார்கள் என்பது நம் மாநிலத்துக்குப் பெருமை. ஆனால் இடம் மாறி உட்காரும் வழக்கம் அங்கே இல்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் என் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவர்கள் ஊரில் பங்குனி உற்சவத்தில் பெருமாள் ஒருநாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி. பிறகு பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயாரோடு சேர்த்தி. நடுவில் தாயார் கோபித்துக் கதவடைக்கும் ஊடல் வேறு உண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து சமாதானம் செய்வது எங்களுக்குப் பழைய கதை என்றாள் அவள்.

1961 டிசம்பர் 2-ஆம் தேதி கென்னடி பிலடெல்பியாவுக்கு வந்தார். மைதானத்தில் ஏறத்தாழ 1 லட்சம் பேர். நடுக்களத்துக்குப் போய் நாணயத்தைச் சுண்டி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். இவரை முதலில் வேண்டாம் என்றது தரைப்படை; இவர் உயிரைப் பணயம் வைத்தது கடற்படையில். மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது ஊரறிந்த இரகசியம். அப்படியிருந்தும் இடைவேளையில் எழுந்து, அணிவகுத்து நின்ற இரு கல்லூரி மாணவருக்கும் நடுவே மைதானத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். கடற்படை 13-க்கு 7 என்று வென்றது.

அடுத்த ஆண்டு, 1962 டிசம்பர் 1-ஆம் தேதி, மறுபடியும் வந்தார். அதற்குச் சரியாக ஐந்து வாரத்துக்கு முன்புதான் கியூபாவில் வைத்த ரஷ்ய ஏவுகணைகளால் உலகம் அணுயுத்தத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருந்தது. நம் எல்லையில் சீனப் படையெடுப்பு ஓய்ந்து பத்து நாட்கள். நேரு கேட்டதற்கிணங்க ஆயுதங்களை விமானத்தில் ஏற்றி நமக்கு அனுப்பியவரும் இந்தக் கென்னடியே. அன்று அவர் பார்த்த ஆட்டக்காரர் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். கியூபா விஷயம் வேறு மாதிரி முடிந்திருந்தால், கழுதைக் கட்சியும் ஆட்டுக்கடாக் கட்சியும் ஒரே கப்பலில் போருக்குப் போயிருக்கும். அந்த மனிதருக்கு அது தெரியும். நாணயத்தைச் சுண்டினார், பாதி ஆட்டம் இங்கே, பாதி ஆட்டம் அங்கே என்று உட்கார்ந்தார். கடற்படை 34-க்கு 14. ரோஜர் ஸ்டாபாக் என்னும் கத்தோலிக்க இளைஞர் அன்று எதிரணியைத் திணற அடித்தார்.

இதெல்லாம் வெறும் ஒப்புக்குச் செய்வது, எழுந்து நடந்து மறுபக்கம் உட்கார என்ன கஷ்டம் என்று உங்களில் யாராவது கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டதுண்டு. மைதானத்தைக் கடப்பது எளிது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை என்னும் கோட்டைக் கடக்க அவர் இரண்டாண்டுக்கு மேல் தயங்கினார். தென் மாநில வாக்குகள் போய்விடுமே என்ற கணக்குதான் காரணம். 1963 ஜூனில்தான் அது சட்டப் பிரச்சினை மட்டுமன்று, நீதிப் பிரச்சினை என்று நாட்டு மக்களிடம் வெளிப்படையாகப் பேசினார், மசோதாவும் கொண்டுவந்தார். வியட்நாமுக்குப் படை ஆலோசகர்களைப் பெருக்கியதும் அவர்தான். தம் நோயை வாக்காளரிடம் மறைத்தார். சொந்த வாழ்க்கையிலும் அவரிடம் பெருங்குறைகள் இருந்தன என்று பின்னால் வந்த புத்தகங்கள் சொல்கின்றன. இதை உங்களிடம் மறைத்து, அர்ச்சியசிஷ்டர் படத்துக்குப் பக்கத்தில் அவரை மாட்டிவைக்க எனக்கு மனமில்லை. எனினும் ஒன்று: இவர் நம்மவர் அல்லர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் வந்தவருக்கு, எதிர்ப்பக்கம் போய் உட்காருவதன் அருமை மற்றவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஹூஸ்டனில் போதகர்கள் நடுவே போய் நின்றதும் அப்படி ஒரு மைதானத்தைக் கடந்ததுதான்.

1963 ஆகஸ்டில் பிறந்த மகன் பாட்ரிக் இரண்டே நாள் உயிரோடிருந்து இறந்தான். நவம்பர் 22-ஆம் தேதி டல்லஸ் நகரில் திறந்த காரில் போகும்போது கென்னடி சுடப்பட்டார். அங்கே பகல் பன்னிரண்டரை. நமக்கு நள்ளிரவு 12 மணி. மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுற்றிப் பெரியவர்கள் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எட்டு வயது. பொன்மலைப் பட்டறைக்கு வேலைக்குப் புறப்பட்ட அப்பா சைக்கிளை மறுபடி சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? பள்ளியில் எங்களுக்கு ஊற்றிய அமெரிக்கப் பால் பவுடர்ப் பாலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அந்த வாரம் கோயிலில் அவர் ஆன்மாவுக்காக மன்றாடினார்கள். அதன் பிறகு எங்கள் தெருவில் பிறந்த ஆண்குழந்தைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பெயர் வைத்தார்கள்.

நவம்பர் 25-ஆம் தேதி வாஷிங்டனில் புனித மத்தேயு பேராலயத்தில் கர்தினால் குஷிங் ஆண்டகை அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். அன்று மூன்றாம் பிறந்த நாள் கண்ட மகன் சின்ன ஜான், தந்தையின் பெட்டி கடந்து போகையில் கை உயர்த்தி வைத்த சல்யூட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஆண்டுப் போட்டி நவம்பர் 30-ஆம் தேதி நடக்கவேண்டியது. நாடு துக்கத்தில் இருக்கும்போது பந்தாட்டம் எதற்கு, நிறுத்திவிடலாம் என்ற பேச்சு பலமாக எழுந்தது. படைக் கல்லூரிகளின் ஆட்டமாயிற்றே, சுட்டுக் கொல்லப்பட்ட தளபதியின் மண் காயுமுன் ஆடுவதா? ஆனால் கென்னடி குடும்பத்தார், ஆட்டம் நடக்கட்டும், அதுவே அவருக்குப் பிடித்தது என்ற விருப்பத்தைத் தெரிவித்தார்கள். ஒரு வாரம் தள்ளி டிசம்பர் 7 என்று முடிவாயிற்று. கணவனை இழந்து இரண்டு வாரம்கூட ஆகாத வீட்டிலிருந்து வந்த அந்தச் சொல்லை எண்ணும்போது, எனக்கு ஜாக்குலின் அம்மையார்மேல் தனி மரியாதை உண்டாகிறது. துக்க வீட்டில் பிள்ளைகளின் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது எளிது. நம் ஊரில் சொல்லியிருப்போம்.

அன்றும் 1 லட்சம் பேர் கூடினார்கள். மௌன அஞ்சலிக்குப் பிறகு ஆட்டம் தொடங்கியது. நாணயம் சுண்ட ஜனாதிபதி வரவில்லை. இடைவேளையில் மைதானத்தைக் கடக்க யாரும் இல்லை. கடற்படை 21-க்கு 7 என்று முன்னே போயிற்று. கடைசிப் பொழுதில் தரைப்படை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து 15 வரை எட்டியது. பிறகு பந்தையும் திரும்பக் கைப்பற்றி எல்லைக் கோட்டுக்கு இரண்டே கஜம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். கூட்டத்தின் இரைச்சலில் தலைவன் சொன்ன சங்கேதம் அவன் ஆட்களுக்கே கேட்கவில்லை. அவன் இரைச்சல் அடங்கட்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்துவிட்டது. 21-க்கு 15, கடற்படைக்கே வெற்றி. இன்னொரு விந்தை: ஆடியதை உடனே மறுபடி காட்டும் முறை தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தது அன்றைய ஆட்டத்தில்தான். தரைப்படை மறுபடி ஒரு முறை எல்லையைத் தொட்டுவிட்டது என்று பார்த்தவர்கள் மயங்காதபடி, இது பழைய காட்சிதான் என்று அறிவிப்பாளர் சொல்லவேண்டியிருந்தது.

1964-இல் அந்த மைதானத்துக்குக் கென்னடியின் பெயரை வைத்தார்கள். 1992-இல் அது இடிக்கப்பட்டது. ஜனாதிபதி ஒருவர் மறுபடி அந்த ஆட்டத்துக்கு வந்தது 1974-இல்தான். ஜெரால்டு ஃபோர்டு வந்தார். இதற்கிடையில் 1972 முதல், விமானப்படைக் கல்லூரியையும் சேர்த்து மூன்றிலும் வெல்பவருக்குத் தலைமைத் தளபதி கோப்பை என்று ஒன்று ஏற்பட்டது. வென்ற அணியை ஜனாதிபதி தம் மாளிகைக்கே அழைத்துப் பாராட்டுவது வழக்கமாயிற்று. ஸ்டாபாக் கடற்படை அதிகாரியாகி வியட்நாமில் பணியாற்றித் திரும்பி, பிறகு புகழ்பெற்ற ஆட்டக்காரரானார். திரும்பாதவர்களும் உண்டு.

நம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு வார்த்தை. கென்னடி நடுவே நடந்து போன அந்த மாணவர் வரிசைகளில் ஒரு பெண்கூட இல்லை. அவ்விரு கல்லூரிகளும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1976-இல். நம் நாட்டில் சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1990-களிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கடக்வாஸ்லாவிலுள்ள தேசிய பாதுகாப்புக் கழகத்துக்குப் பெண்கள் போனது 2022-இல். முதல் தொகுதியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். என்.சி.சி. உடுப்பு மாட்டும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

எங்கள் தெருவின் அந்த முதல் கென்னடி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது பேத்தியை நம் பள்ளிக்கு அழைத்துவருகிறார். ஒருநாள் வாசலில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இடம் மாறி உட்கார்ந்ததைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். கடற்படை என்றேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, பேத்தியின் பையை வாங்கி மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.